கோழிக்கூட்டில் வளர்ந்த கலை

புதிதாகக் கமரா ஒன்றை வாங்கியவருக்கு முதலில் எழும் கேள்வி, எதைப் படம் பிடிப்பது என்பதே. அவர் தம் வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்க்கிறார். முற்றத்திலே பாயில் நெல் காய்கிறது. கிணற்றடியில் ஒருவர் உடுப்புத் தோய்க்கிறார். திண்ணையில் ஆச்சி பாக்கு இடித்துக்கொண்டிருக்கிறார். அடுப்படியிலிருந்து எழுந்த புகை கூரை வழியாகக் கசிகிறது. இவை யாவும் அவர் பிறந்த நாள் தொட்டுக் கண்டவை. "இங்கே படம் பிடிக்க என்ன இருக்கிறது?" என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டு, கமராவை உறையிலிட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். பின்னர் சிகிரியாவுக்கோ நுவரெலியாவுக்கோ திருக்கோணமலைக்கோ பயணம் போகும்போதுதான் அது வெளியே வருகிறது. அங்கே பல்லாயிரம் பேர் நின்ற அதே இடத்தில் நின்று, பல்லாயிரம் பேர் எடுத்த அதே படத்தை அவரும் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்.

இன்று கமரா கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்து, எந்நேரமும் மனிதனுடைய சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆயினும் பழைய எண்ணம் மாறவில்லை. அழகு தொலைவிலே உள்ளது. அதைத் தேடிப் போகவேண்டும். வீட்டில் இருப்பது வெறும் வாழ்க்கை. இவ்வாறுதான் பெரும்பாலோர் நினைக்கின்றனர். இந்த எண்ணம் சரியானதா என்பதைப் புகைப்படக் கலையின் வரலாற்றிடமே கேட்டுப் பார்ப்பது நல்லது.

உலகில் இன்றுவரை அழியாது எஞ்சியுள்ள புகைப்படங்களுள் மிகப் பழையது 1826 அல்லது 1827ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. அதை எடுத்தவர் நிசபோர் நியப்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் அரண்மனையையோ மலைச்சிகரத்தையோ தேடிப் போகவில்லை. தம் வீட்டு மேல்மாடி யன்னலுக்கு வெளியே தெரிந்த கூரைகளையும் புறாக்கூட்டையும் ஓர் உலோகத் தகட்டிற் பதித்தார். இங்கிலாந்திலே தாள்மூலம் படமெடுக்கும் முறையைக் கண்ட வில்லியம் ஹென்றி பொக்ஸ் டல்பொட் என்பவர் செய்ததும் அதுவே. 1835ஆம் ஆண்டில் அவர் பதித்த சின்னஞ்சிறு படம், லேக்கொக் என்னும் ஊரில் உள்ள அவருடைய சொந்த வீட்டின் யன்னலைக் காட்டுகிறது. வீட்டின் மூலைமுடுக்குகளிலே அவர் வைத்துவிட்டுப் போன சிறு மரப்பெட்டிகளைக் கண்டு, அவர் மனைவி அவற்றுக்கு எலிப்பொறி என்று பெயர் சூட்டினாராம். 1844இல் டல்பொட் எடுத்த மற்றொரு படத்திலே முதன்மையாக இருப்பவை திறந்து கிடக்கும் ஒரு கதவும், அதன் அருகே சாய்த்து வைக்கப்பட்ட ஒரு விளக்குமாறும். அப்படம் இன்றும் உலகப் புகழ் பெற்றுத் திகழ்கிறது.

ஆகவே, புகைப்படம் பிறந்த இடமே வீடு எனலாம். அந்த வீட்டையும், அதில் நடமாடிய மனிதரையும் கொண்டே ஒரு பெருங்கலையை வளர்த்தவர் ஓர் அம்மையார். அவருடைய வாழ்க்கை இலங்கையிலே முடிந்தது. அவருடைய உடல் மலைநாட்டிலே, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. ஜூலியா மார்கரெட் கமரன் என்பது அவர் பெயர்.

கமரன் அம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிலே பிறந்தார். 1838இல் அவர் மணந்த சார்ள்ஸ் ஹே கமரன், இலங்கை வரலாறு படித்தோர் நன்கு அறிந்தவர். 1830ஆம் ஆண்டளவில் இந்நாட்டின் ஆட்சிமுறையை ஆராய்வதற்கு வந்த கோல்புறூக் கமரன் ஆணைக்குழுவிலே, நீதித்துறையைப் பற்றி ஆராய்ந்தவர் அவரே. அக்குழுவின் சிபாரிசுகளின் பயனாகத்தான் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தது; 1833இல் சட்டநிரூபண சபையும் ஏற்பட்டது. இத்தீவின்மேற் பெரும் பற்றுக் கொண்ட அவர், இங்கே தோட்டக் காணிகளையும் வாங்கினார். பின்னர் குடும்பத்துடன் இங்கிலாந்தின் வைற் தீவிலே பிரெஷ்வோட்டர் என்னும் ஊரிற் குடியேறியபோது, அவ்வீட்டுக்கு இலங்கைத் தோட்டத்தின் பெயரைத் தழுவி 'டிம்போலா' என்று பெயரிட்டனர்.

1863ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். கணவரும் புதல்வர் சிலரும் தோட்ட அலுவலாக இலங்கைக்குப் போயிருந்தனர். வீட்டிலே தனித்திருந்த தாயாருக்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமராவை அன்பளிப்பாகக் கொடுத்தனர். அப்பொழுது அம்மையாருக்கு வயது 48. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு குடும்பத் தலைவி, இனி ஓய்ந்திருக்கலாம் என்று மற்றவர் நினைக்கும் வயது அது. அந்த வயதிலேதான் அவருடைய கலை தொடங்கியது.

அக்காலத்திற் புகைப்படம் எடுப்பது எளிய காரியமன்று. கண்ணாடித் தட்டிலே கொலோடியன் என்னும் பசையை ஒரே சீராக ஊற்றிப் பரப்பவேண்டும். பின் அதை இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலே தோய்க்கவேண்டும். ஈரம் உலருமுன் கமராவில் இட்டுப் படமெடுத்து, உடனே திரும்பவும் இருட்டறைக்கு ஓடி மருந்திட்டுக் கழுவவேண்டும். ஈரம் உலர்ந்தாற் படம் இல்லை. விரல் பட்டாலும் படம் இல்லை. மருந்து பட்ட கையும் உடுப்பும் கறுத்துப்போகும். இத்தனைக்கும் அம்மையாருக்கு முறையான பயிற்சி எதுவும் இருக்கவில்லை. அவர் முதன்முதல் எடுத்த படம் அவ்வூர்க் கமக்காரர் ஒருவருடையது. எடுத்த கையோடு, ஈரம் மாறாத தட்டின்மேற் கையை வைத்துத் தேய்த்து அப்படத்தை அவரே அழித்துவிட்டார்.

இருட்டறைக்கும் படம் எடுக்கும் கூடத்துக்கும் அவர் எங்கே போனார்? எங்கும் போகவில்லை. வீட்டு வளவிலே நிலக்கரி போட்டுவைத்த கொட்டில் இருட்டறையாயிற்று. கோழிக்கூடு, கண்ணாடி பொருத்தப்பெற்றுப் படக்கூடமாயிற்று. கோழிகள் விடுதலை பெற்றன. வீட்டாருக்கு முட்டை இல்லாது போயிற்று. புகைப்படத்தைப் பதிக்கும் தாளுக்கு அந்நாளிற் பூசப்பட்டதும் முட்டையின் வெண்கருவேயாம். கூட்டை விட்டுக் கோழி போயினும் முட்டை போகவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

1864ஆம் ஆண்டு சனவரியில் அவருக்கு முதல் வெற்றி கிடைத்தது. அனி பில்பொட் என்னும் சிறுமியின் படம் அது. எளிய மேலங்கி அணிந்து, தலைமயிர் கலைந்து, கமராவைப் பாராது ஒருபுறமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை, அவ்வளவே. அப்படம் தெளிந்து வந்தபோது அம்மையாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்தப் படத்தை ஆக்கியவள் அச்சிறுமியே என்று எண்ணி, அவளுக்குக் கொடுப்பதற்குப் பரிசு தேடி வீடெல்லாம் ஓடித் திரிந்தார் என்று அவரே பின்னர் எழுதியுள்ளார். அன்றே படத்தைப் பதித்துச் சட்டமிட்டுத் தந்தைக்குக் கொடுத்துவிட்டார்.

அதன்பின் ஏறத்தாழ 12 ஆண்டுகள் அந்த வீடே அவருடைய உலகமாயிற்று. அவர் எடுத்தவற்றுள் 1,200 வரையான படங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றிற் பெரும்பாலானவற்றிலே காணப்படுவோர் யாவர்? வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியர் என்னும் பணிப்பெண். தெருவிலே பிச்சைக்கு வந்த ஐரிஷ் தாயொருத்தியின் மகளாய் வந்து, அவ்வீட்டிலேயே வளர்ந்த மேரி ரையன். உடன்பிறந்தாரின் பிள்ளைகள். சகோதரியின் மகள் ஜூலியா ஜாக்சன். அயல் வீட்டுக் குழந்தைகள். அயல் வீட்டுக்காரர் என்ற முறையிலே தெனிசன் என்னும் பெருங்கவிஞரும் அதே கோழிக்கூட்டிலே வந்து அமர்ந்தார். கவிஞருக்கு ஒரு நீதி, பணிப்பெண்ணுக்கு வேறொரு நீதி என்று அவருடைய கமரா பாகுபாடு செய்யவில்லை. மேரி ஹில்லியரைத் தேவமாதாவாகக் கோலம் செய்து பலமுறை படம் எடுத்தார். தட்டுமுட்டுக் கழுவும் பெண்ணின் முகத்திலே தெய்வத் தாய்மையைக் கண்டார். கண்டதை மற்றவர்களும் காணும்படி செய்தார்.

மேரி ரையனுடைய கதை இன்னும் சுவையானது. அவளுடைய படத்தில் மனம் பறிகொடுத்த ஹென்றி கொற்றன் என்னும் இளைஞர் 1867இல் அவளை மணந்தார். இந்தியாவிலே அரசாங்க உத்தியோகம் பார்த்து, பின்னர் இந்திய மக்களின் உரிமைகளுக்காகப் பரிந்து பேசி, 1904ஆம் ஆண்டில் இந்திய தேசிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த சேர் ஹென்றி கொற்றன் அவரே.

இனி, அம்மையார் தம் வீட்டாரை எவ்வாறு பார்த்தார் என்பதை ஆராய்தல் வேண்டும். இதிலேதான் கமரா பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் பாடம் இருக்கிறது.

முதலாவது, அவர் அணுகிப் போனார். அக்காலப் படக்கடைகளிலே, திரைச்சீலைக்கு முன்னாற் கதிரையில் இருத்தி, தலை முதற் கால் வரை தெரியும்படி படம் பிடிப்பதே வழக்கம். அம்மையாரோ முகத்துக்கு அண்மையிற் சென்றார். முகம் ஒன்றே தட்டு முழுவதையும் நிறைக்கும்படி செய்தார். அயலாருடைய முகத்துக்கு அவ்வளவு அண்மையிற் செல்லுதல் எவராலும் இயலாது. வீட்டாரிடம் மாத்திரமே அந்த உரிமை உண்டு.

இரண்டாவது, அவர் ஒளியை அடக்கி ஆண்டார். 1867இல் எடுத்த ஜூலியா ஜாக்சனின் படத்தைப் பார்த்தோர் அதை மறப்பதில்லை. முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்தில் ஒளிர்கிறது. மறு பாதி இருளிலே ஆழ்ந்திருக்கிறது. கண்கள் நேரே நோக்குகின்றன. அந்த இளம்பெண்ணே பிற்காலத்திலே வர்ஜீனியா வுல்ஃப் என்னும் ஆங்கில நாவலாசிரியையின் தாயானார். தாயைத் தம் 13ஆவது வயதிலே இழந்த அந்த எழுத்தாளர், 1926இல் அம்மையாரின் படங்களைத் தொகுத்து ஒரு நூல் வெளிவரச் செய்தார் என்பதை நினைக்கும்போது, ஒரு குடும்பப் படம் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பது விளங்கும்.

மூன்றாவது, அவர் பொறுத்திருந்தார். கமராவின் முன் பல நிமிடங்கள் அசையாது இருக்கவேண்டிய காலம் அது. அவ்வளவு நேரம் ஒருவர் பொய்ச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு இருக்க முடியாது. சிரிப்பு உதிர்ந்த பின்னரே உண்மையான முகம் வெளிப்படும். மூச்சின் அசைவினாலே படத்திற் சிறிது மங்கல் ஏற்பட்டால், அம்மையார் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. வில்லையைத் திருப்பிக்கொண்டு வரும்போது கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலே நிறுத்திவிடுவதாக அவரே எழுதினார். புகைப்படப் பத்திரிகைகளிலே எழுதிய விமரிசகர் சிலர் இதைக் கண்டு எள்ளி நகையாடினர். ஆனால் 1865ஆம் ஆண்டிலேயே, இன்று விக்டோரியா அல்பேட் நூதனசாலை எனப்படும் இலண்டன் நூதனசாலை அவருடைய படங்களை விலைகொடுத்து வாங்கிவிட்டது. கமரா கையில் எடுத்து இரண்டு ஆண்டுகூட ஆகாத ஒரு குடும்பப் பெண்ணின் படங்கள் அவை!

ஒரே வீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அலுப்புத் தட்டாதா என்று சிலர் கேட்கலாம். அதற்கு மறுமொழி பிராகா நகரத்திலே உள்ளது. முதலாம் உலகப் போரிலே வலது கையை இழந்த யோசெப் சூடெக் என்னும் புகைப்படக் கலைஞர், 1940ஆம் ஆண்டு தொடக்கம் 1954 வரை தம் சிறிய வேலைக்கூடத்து யன்னலையே படம் பிடித்தார். தொடக்கத்தில் நகரம் அந்நியர் படையின் கீழ் இருந்தது. வெளியே கமராவுடன் நடமாடுவது ஆபத்து. ஆகவே யன்னலோடு நின்றார். கண்ணாடியிற் பனி படிந்த நாள், மழைத்துளி வழிந்த நாள், வெளியே ஒரு கோணல் மரம் தளிர்த்த நாள், யன்னற் படியில் ஒரு பூ நின்ற நாள் என்று ஒவ்வொன்றும் புதுப் படமாயிற்று. போர் முடிந்த பிறகும் அவர் அந்த யன்னலை விடவில்லை. மாறியது யன்னலன்று, ஒளியே என்பதை அவர் கண்டுகொண்டார்.

இவ்வுண்மையை நம் நாட்டு வீடுகளிலே எவரும் சோதித்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றத்திலே காலை ஒளி ஒரு பக்கத் தூணைத் தொட்டு, நண்பகலிலே நிலத்துக்கு இறங்கி, மாலையில் மறுபக்கச் சுவரில் ஏறுகிறது. அந்த ஒளி விழும் இடத்திலே அம்மா இருந்து அரிசி புடைக்கும்போது, புடைத்த உமி பொன்துகள்போற் பறக்கிறது. கிடுகு வேலியின் இடுக்குகள் வழியே வரும் வெயில், மண்ணிலே கோலம் போடுகிறது. மலைநாட்டு லயன் அறைக்கு வெளிச்சம் பெரும்பாலும் வாசற் கதவு வழியாகவே வருகிறது. அவ்வாசலிலே வேலை முடிந்து வந்து தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருக்கும் ஒரு தாயின் முகத்திற் படும் ஒளி, கமரன் அம்மையாரின் கூடத்திலே பட்ட ஒளிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. மட்டக்களப்பு வாவிக்கரை வீட்டிலே, இரவுத் தொழிலுக்குப் போய் விடியலிலே திரும்பிய தந்தை வலையைப் பிரித்து உலர்த்தும்போது, அந்த வலையே ஒரு திரையாகிறது.

செய்யவேண்டியவை மிகச் சில. நண்பகல் வெயிலைத் தவிர்த்துக் காலையும் மாலையும் கமராவை எடுத்தல். மனிதரை வாசலுக்கோ யன்னலுக்கோ அருகே இருத்தி, ஒளி ஒரு பக்கத்தால் வரும்படி பார்த்துக்கொள்ளுதல். பின்னாலுள்ள கொடிச்சீலையையும் கலண்டரையும் கவனித்து, இரண்டடி தள்ளி நிற்றல். முகத்தை மாத்திரமன்றிக் கையையும் பார்த்தல். ஆச்சியின் வாழ்க்கை முழுவதும் அவர் கையிலே எழுதப்பட்டிருக்கும். ஒரே இடத்தை ஒரு மாதம் நாள்தோறும் பார்த்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, படம் பிடிக்கப்படுபவரிடம் கேட்டுப் பிடித்தல். வீட்டாரே ஆயினும், ஈரத் தலையுடனும் களைத்த முகத்துடனும் நிற்கும்போது படம் பிடிக்கப்படுவதை அவர்கள் விரும்பாதிருக்கலாம். அந்த விருப்பத்தை மதிப்பவருக்கே வீடு தன்னைத் திறந்து காட்டும்.

இனி, அம்மையாரின் கதையிலே மற்றொரு பகுதி உண்டு. அது இலங்கையில் நடந்தது. அதைச் சொல்லாது விட்டால் இப்பேச்சு அரைகுறையாகவே முடியும்.

1875ஆம் ஆண்டு பிற்பகுதியிலே கமரன் தம்பதிகள் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்தனர். திரும்பிப் போகும் எண்ணம் இல்லாமையால், தங்கள் சவப்பெட்டிகளையும் உடன் கொண்டு வந்தார்கள் என்பது வழிவழி வரும் கதை. புதல்வர்கள் இங்கே இருந்தனர். கோப்பிப் பயிர் 1869ஆம் ஆண்டிலிருந்து ஒருவகை இலைநோயாற் பீடிக்கப்பட்டு அழிந்துகொண்டிருந்தது; குடும்பத்தின் செல்வநிலையும் தாழ்ந்திருந்தது. களுத்துறையிலே கடலோர வீடொன்றில் அவர்கள் வசித்தனர். அம்மையார் அங்கும் கமராவைக் கைவிடவில்லை. ஆயினும் இலங்கையில் அவர் எடுத்த படங்களிலே இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. கொலோடியன் ஈரம் சிறிது நேரத்திலேயே உலர்ந்துவிடும் இவ்வெப்ப நாட்டிலே அத்தொழில் மிகவும் கடினமாயிருந்தது.

அப்படங்களிலே இருப்போர் கிராமத்து மக்கள், தோட்டத்திலே உழைத்தோர், வீட்டிலே வேலை செய்தோர். தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாகவும் கடல் வழியாகவும் வந்து மலைநாட்டைக் கோப்பித் தோட்டமாக்கிய தமிழ் மக்கள் வாழ்ந்த காலம் அது. படங்கள் அழகானவை. வெறும் மேலுடன் நிற்கும் இளைஞர், சேலை போர்த்த பெண்கள், கூர்ந்து நோக்கும் கண்கள். பிரெஷ்வோட்டர்ப் படங்களிலே உள்ள அதே கம்பீரம் இங்கும் உண்டு. ஆனால் ஒன்று மாத்திரம் இல்லை. அது பெயர்.

களுத்துறைக் கிராமத்தார் மூவரை ஒன்றாக நிறுத்தி எடுத்த படம் ஒன்று உளது. அதன் கீழே அம்மையார் எழுதி வைத்த குறிப்பிலே, சிறுமியின் வயது 12 என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தையென்றும் தமக்கு வயது 100 என்றும் கூறுகிறார் என்றும் காணப்படுகிறது. வயது கேட்டறிந்தவர் பெயரைக் குறித்து வைக்கவில்லை. 1877இல் அம்மையாரின் விருந்தினராய் வந்த மரியான் நோர்த் என்னும் ஓவியர் மற்றொரு செய்தியைத் தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். ஒருவருடைய முதுகின் அழகைக் கண்டு வியந்த அம்மையார், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். அவ்வீட்டிலே தோட்டமும் இருக்கவில்லை; அம்மனிதருக்குத் தோட்டக்காரர் என்றால் என்னவென்றும் தெரியாது. கதை சிரிப்பூட்டுகிறது. ஆனால் அம்மனிதருடைய பெயர் அக்கதையிலும் இல்லை. அதே மரியான் நோர்த்துக்குக் காஷ்மீரச் சால்வை போர்த்து, தென்னோலைகளின் நடுவே நிறுத்தி அம்மையார் எடுத்த படங்களோ, பெயருடன் நூதனசாலைகளிலே இருக்கின்றன.

இங்கிலாந்துப் படங்களிலும் பெயர் தெரியாதோர் சிலர் உளர் என்பது உண்மை. ஆயினும் மேரி ஹில்லியர் யார், மேரி ரையன் யார் என்று கேட்டால், அவர்களுடைய ஊரும் வாழ்வும் முடிவும் இன்று நூல்களிலே கிடைக்கின்றன. பணிப்பெண்களாயினும் அவர்கள் அம்மையாருடைய வீட்டின் எல்லைக்குள் வந்துவிட்டவர்கள். களுத்துறையிலோ, அதே வளவுக்குள் நடமாடியோர் அந்த எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டனர். கண் அவர்களுடைய அழகைக் கண்டது. உறவு அவர்களை வந்தடையவில்லை. அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று இந்நாட்டிலே வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும். நூதனசாலைச் சுவரிலே அப்படத்தை அவர்கள் கண்டாலும், "இவர் எங்கள் பாட்டி" என்று கைகாட்ட இயலாது.

1879ஆம் ஆண்டு சனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே, மகனுடைய தோட்ட வீட்டிலே அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் காலமானார். இருவரும் பொகவந்தலாவைத் தேவாலய வளவிலே அருகருகே துயில்கின்றனர். அவர்களுடைய கல்லறையிலே பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

பெரிய கலைஞரிடத்தே நேர்ந்த இக்குறை, நம் வீட்டு ஆல்பங்களிலும் நேராது என்று சொல்வதற்கில்லை. பழைய ஆல்பம் ஒன்றைத் திறந்தால், திருமணக் கூட்டத்திலே பாதிப்பேர் யார் என்று வீட்டாருக்கே தெரியாது. சமைத்தவர் படத்தில் இல்லை. பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர் ஓரத்திலே பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார். 1983 தொடக்கம் 2009 வரையான போர்க்காலத்திலே, எத்தனையோ குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் ஓடின. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோர வீடுகளை வாரிச் சென்றது. காணி உறுதியையும் பிறப்புச் சான்றையும் மடியிலே கட்டிக்கொண்டு ஓடியவர்கள், ஆல்பத்தை எடுக்க நேரமின்றி விட்டுவந்தனர். பின்னர் வீட்டில் ஒருவர் இறந்தபோது, மாலையிட்டு வைப்பதற்குப் படம் இல்லை. அடையாள அட்டையிலே இருந்த தபால் முத்திரையளவு படத்தைப் பெருப்பித்துச் சட்டமிட்டனர். அந்தப் படத்திலே அவர் சிரிக்கவில்லை. நேரே விறைத்துப் பார்க்கிறார். அவர் அடுப்படியிலே நின்ற விதம், பேரப்பிள்ளையை மடியில் வைத்துச் சோறூட்டிய விதம், வேலியோரத்திலே அயலாருடன் கதைத்த விதம் ஆகிய ஒன்றுக்கும் படம் இல்லை. அவை யாவும் என்றும் இருக்கும் என்ற எண்ணத்தினாலேயே எவரும் அவற்றைப் பிடிக்கவில்லை.

வீட்டையும் வீட்டாரையும் படம் பிடித்தல் பொழுதுபோக்கு மாத்திரமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலே ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்து கிடப்பதனால் அவை பாதுகாப்பாக உள்ளன என்று நம்புவதும் தவறு. தொலைபேசி பழுதானால் அவையும் போகும். ஆண்டுக்குப் பத்துப் படங்களையேனும் தேர்ந்தெடுத்து, தாளிலே பதித்து, இரு வீடுகளில் வைத்தல் நன்று. பதித்த படத்தின் பின்புறத்திலே மெல்லிய பென்சிலால் நான்கு செய்திகள் எழுதப்படவேண்டும்: படத்திலுள்ளவர் பெயர், ஊர், நாள், அவர் அப்பொழுது செய்துகொண்டிருந்த வேலை. பெயரை எழுதும்போது, வீட்டுக்கு வேலைக்கு வருபவர், தேங்காய் பறிப்பவர், பால் கொண்டு வருபவர், பக்கத்து வளவுப் பிள்ளை ஆகியோரையும் விடாது எழுதவேண்டும். அவர்களும் அந்த வீட்டின் கதையைச் சேர்ந்தவர்களே.

கமரன் அம்மையார் கோழிக்கூட்டைக் கலைக்கூடமாக்கினார். அண்மையிலுள்ள முகத்தை அன்போடு நெடுநேரம் பார்த்தால் அதிலே ஓர் உலகமே தெரியும் என்று காட்டினார். அவர் காட்டிய வழியிலே செல்பவர், களுத்துறையில் அவர் எழுதாது விட்ட ஒன்றையும் சேர்த்து எழுதிவிடலாம். திண்ணையிலே ஆச்சி இன்றும் பாக்கு இடித்துக்கொண்டிருக்கிறார். மாலை வெயில் அவர் கைமேல் விழுகிறது. கமராவோ அலுமாரிக்குள்ளே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போக, எத்தனை அடி தூரம்?